கொண்டச்சிக் கரையும் பாடசாலைக் கையேற்பும்

ஈழத்துக் கல்வி வரலாற்றில் 1960ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை என்பதை மறுப்பார் இலர். உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றமை பற்றி இதுவரை எழுந்த எழுத்துக்கள் பலவும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த பெருங் கல்லூரிகளை நடுவாகக் கொண்டே எழுந்தன. அவற்றை எழுதியோர் பெரும்பாலும் அக்கல்லூரிகளின் பழைய மாணவர்களே. ஆதலால் கையேற்பு என்பது ஒரு பக்கத்தாருக்குப் புகழ்பெற்ற கல்லூரிகள் பறிபோன கதையாகவும், மறுபக்கத்தாருக்குப் பாதிரிமாரின் பிடி தளர்ந்த கதையாகவும் நின்றுவிட்டது. கையேற்கப்பட்ட ஏறத்தாழ 2500 பாடசாலைகளுட் பெரும்பாலானவை கல்லூரிகள் அல்ல. இரண்டொரு ஆசிரியர்களையும் ஒரு மண்டபத்தையும் கொண்ட கிராமப் பாடசாலைகளே அவை. அக்கிராமங்களுக்கு அருகிலேயே, எவரும் கையேற்பதற்குக் கூட உதவி பெறும் பாடசாலை ஒன்றைப் பெற்றிராத கிராமங்களும் இருந்தன. மன்னார் மாவட்டத்தின் தென்கரையிலுள்ள கொண்டச்சியை நடுவாக வைத்து நோக்கின், இவ்வரலாற்றின் தோற்றம் பெரிதும் மாறிவிடுகின்றது.

கொண்டச்சி முசலிப் பிரிவில், சிலாபத்துறைக்குத் தெற்கே அமைந்த கடலோரக் கிராமம். வடக்கே அருவியாறு அரிப்புக்கு அண்மையிற் கடலொடு கலக்கின்றது. தெற்கே மறிச்சுக்கட்டியும் மோதரகம் ஆறும், அவற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடும் உள்ளன. அகத்திமுறிப்புக் குளத்தின் நீர் எட்டும் இடங்களில் நெல்லும், எட்டாத மணற் பாங்கில் மானாவாரிப் பயிரும் மரமுந்திரிகையும், கரையில் மீன்பிடியும் மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாயின. கொண்டச்சி முஸ்லிம் கிராமம். அரிப்பு, கொக்குப்படையான், முள்ளிக்குளம் என்பன கத்தோலிக்கக் கிராமங்கள். இரு சமயத்தவரும் தமிழையே பேசினர், ஒரே கடலில் வலை வீசினர். ஆயினும் கல்வி என்ற ஒன்றில் இவ்விரு வகைக் கிராமங்களும் வெவ்வேறு வழிகளிற் சென்றன.

உலகம் கொண்டச்சியை அறிந்தது முத்தினாலேயே. சிலாபத்துறை என்னும் பெயரிலேயே சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நிலைத்து நிற்கின்றது. ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டிலும் அடுத்த இரு ஆண்டுகளிலும் இங்கு நிகழ்ந்த சலாபங்கள் புதிய ஆட்சியாளருக்குப் பெருவருவாயை ஈட்டிக் கொடுத்தன. 1803இல் வெளிவந்த பேர்சிவலின் நூலும் 1807இல் வெளிவந்த கோர்டினரின் நூலும் கொண்டச்சிக் குடாவின் காட்சிகளை விரிவாக வருணிக்கின்றன. வெறும் மணல்வெளியாகக் கிடந்த கரையில் சில கிழமைகளுக்குள் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரம் எழும். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் முதலிய இடங்களிலிருந்து குளிகாரரும் வணிகரும் வருவர். சுறாவைக் கட்டும் மந்திரவாதியும் வருவான். சலாபம் முடிந்ததும் கொட்டில்கள் பிரிக்கப்பட, சிப்பி ஓடுகளும் நாற்றமும் எஞ்சும். தேசாதிபதி நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கென அரிப்பிற் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பினால் இடிந்து நிற்கின்றது.

1905ஆம் ஆண்டின் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த ஊக்கத்தில், 1906இல் அரசாங்கம் முத்துப்பார்கள் அனைத்தையும் இலண்டனில் அமைந்த ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பார்கள் வெறுமையாயின, கம்பனியும் சில ஆண்டுகளுக்குள் கைவிட்டுச் சென்றது. வெளியார் ஒருவர் வந்து ஒரு பொதுச் செல்வத்தைப் பொறுப்பேற்று, பயன் குறைந்ததும் விட்டுச்செல்லும் இக்கதை இக்கரைக்குப் புதியதன்று. முத்தால் வந்த வருவாயில் ஒரு சிறு பங்காவது இக்கரையின் பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பி வந்திருப்பின் முசலியின் வரலாறு வேறாக அமைந்திருக்கும். ஆயின் அன்றைய ஆட்சியின் கணக்கில் முத்து வருவாய்க்கும் கல்விச் செலவுக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

கல்விச் செலவு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே இங்கு முதன்மையான வினா. கோல்புறூக்கின் விதப்புரைகளை அடுத்து 1834இல் பாடசாலை ஆணைக்குழு அமைந்தது; 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழு அதனிடத்தைப் பெற்றது. சட்ட நிரூபண சபை 1865இல் நியமித்த மோர்கன் குழுவின் அறிக்கையின் விளைவாக, 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. அரசு தானே எல்லா இடங்களிலும் பாடசாலை கட்டுவதை விடுத்து, கட்டி நடத்துவோருக்கு நன்கொடை வழங்கும் முறை அப்போது உறுதிபெற்றது. சமயபேதமின்றி எவரும் நன்கொடை பெறலாம் என்பதே விதி. எழுத்தளவில் இது நடுநிலையான விதியே. ஆயினும் நன்கொடை பெற விரும்புவோர் முதலில் நிலம் தேடிக் கட்டடம் எழுப்பவேண்டும்; ஆசிரியரை அமர்த்தவேண்டும்; வித்தியாதரிசி வந்து பார்க்கும் நாளிற் போதிய பிள்ளைகளைக் காட்டவேண்டும்; அப்பிள்ளைகள் பரீட்சையிற் சித்தியடைந்த அளவுக்கே பணம் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் முதலும் அமைப்பும் ஆங்கிலத்தில் எழுதும் முகாமையாளரும் வேண்டும். அவை மிசனரிமாரிடம் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கால் மைல் விதி, ஏற்கெனவே நன்கொடை பெறும் பாடசாலைக்கு அருகில் மற்றொன்று எழுந்து நன்கொடை கேட்பதையும் தடுத்தது. முந்தியவரே நிலைத்தனர்.

மன்னாரில் முந்தியவர் கத்தோலிக்கர். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மன்னார்த் தீவின் கரையோர மக்கள் கத்தோலிக்கராயினர். 1544இல் சங்கிலி மன்னன் அங்கு நிகழ்த்திய கொலைகள் இன்றும் அம்மக்களால் நினைவுகூரப்படுகின்றன. ஒல்லாந்தர் காலத்து ஒடுக்குமுறையையும் தாங்கி நின்ற அச்சமூகத்திடம், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் தேவாலயத்தையும் பாடசாலையையும் ஒருங்கே கொண்டுசென்றனர். பங்குக் கோவிலின் அருகே பங்குப் பாடசாலை, அதற்கு முகாமையாளர் குருவானவர் என்பதே ஒழுங்கு. பேசாலை, வங்காலை, அரிப்பு முதலிய கடற்கரை ஊர்கள் இவ்வொழுங்கின் பயனைப் பெற்றன. கட்டடம் எளியதாயினும், ஓலைக் கூரை பறந்தால் யாரிடம் சொல்வது என்பது ஊருக்குத் தெரியும். இச்சிறு செய்தியை ஆய்வாளர் பலர் பொருட்படுத்துவதில்லை. பாடசாலையின் நிருவாகி ஊரில் வாழ்வதும், பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு கந்தோரில் இருப்பதும் ஒன்றல்ல.

கொண்டச்சி போன்ற முஸ்லிம் ஊர்களின் நிலை வேறு. மதமாற்றம் என்னும் அச்சம் மிசன் பாடசாலைகளை அவர்களுக்கு எட்டாதனவாக்கியது. அவ்வச்சம் காரணமற்றது எனக் கூறுதல் பொருந்தாது. அதே அச்சமே 1848இல் ஆறுமுக நாவலரை வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கத் தூண்டியது. யாழ்ப்பாணத்துச் சைவர்க்கு நாவலரும், பின்னர் 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் அதன் செயலாளர் இராசரத்தினமும் வாய்த்தனர். மட்டக்களப்பில் விபுலானந்த அடிகளின் இராமகிருஷ்ண மிசன் தோள்கொடுத்தது. முஸ்லிம்களிடையே சித்திலெப்பை எழுப்பிய குரல் கண்டியிலும் கொழும்பிலும் பயன் தந்தது, மருதானையில் 1892இல் தொடங்கிய பாடசாலை சாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது, ரி. பி. ஜாயா காலத்தில் அதன் கிளைகள் கம்பளை, மாத்தளை, அளுத்கமை, புத்தளம் வரை பரந்தன. புத்தளத்துக்கு வடக்கே காடு. காட்டுக்கு வடக்கேயுள்ள முசலிக்கு அக்கிளை வரவில்லை. குர்ஆன் பள்ளியும், அரசு தானாகத் திறந்தாலன்றி வேறு வழியில்லாத ஒரு சுயபாஷைப் பாடசாலையும் என்பதே இத்தகைய ஊர்களின் கல்வியாயிற்று. நன்கொடை முறை செல்வமும் அமைப்பும் உள்ள இடத்திற்கே சென்றது எனின் அது மிகையன்று.

நன்கொடை முறைக்கு உள்ளேயும் நோய் இருந்தது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என அரசு வற்புறுத்திய 1929, 1930ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு மூண்டு, சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. நன்கொடை பெற்ற முகாமையாளர் பலர், சைவராயினும் கிறித்தவராயினும், ஊர்ப் பெரியோரின் சாதி வழக்கத்தை மீறத் துணியவில்லை. பொதுப் பணம் பெற்ற பாடசாலை பொதுமக்கள் எல்லார்க்கும் உரியதன்று என்பது கண்கூடாயிற்று. ஆசிரியர் நிலையும் இரங்கத்தக்கதாயிருந்தது. நியமிப்பவர் முகாமையாளர், நீக்குபவரும் அவரே. நியமனத்துக்குத் தகுதியை விடச் சமயமும் உறவும் முன்னின்ற இடங்கள் பல. இலவசக் கல்வியை வேண்டிய கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கையிட்டு, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி அத்திட்டம் நடைமுறைக்கு வந்தபின், இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. திட்டத்திற் சேர்ந்த பாடசாலைகளின் ஆசிரியர் ஊதியம் முழுவதும் திறைசேரியிலிருந்து வந்தது. கட்டணம் அறவிடும் உரிமை போயிற்று. நியமிக்கும் உரிமை முகாமையாளரிடமே நின்றது. 1951ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இந்நிலையை ஒருவாறு உறுதிப்படுத்திற்று. ஊதியம் தருவது ஒருவர், வேலை தருவது இன்னொருவர் என்னும் ஒழுங்கு நெடுநாள் நிலைக்கக்கூடியதன்று.

அதனை உடைக்க வந்த சக்தி தமிழரிடமிருந்தோ முசலியிலிருந்தோ எழவில்லை. அகில இலங்கைப் பௌத்த காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு 1956 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, உதவி பெறும் பாடசாலைகள் அனைத்தையும் அரசு கையேற்கவேண்டும் என விதந்துரைத்தது. மக்கட்டொகையில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்த கிறித்தவர் கையில் இத்துணைப் பாடசாலைகள் இருப்பது நீதியோ என்னும் வினாவில் உண்மை இருந்தது. அவ்வினாவை எழுப்பியோரின் நோக்கம் தூய கல்விச் சமத்துவம் மட்டுமன்று என்பதும் உண்மை. அதே 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. கையேற்பைத் தமிழர் ஐயத்தோடு நோக்கியதற்குக் காரணம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை சாஹிறாவின் முன்னாள் அதிபர். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் உதவி பெறும் பாடசாலைகள் அனைத்துக்கும் வித்தியாதிபதியே முகாமையாளரானார். உயர்தரப் பாடசாலைகள் விரும்பினால் நன்கொடையைத் துறந்து தனியார் பாடசாலைகளாக நிற்கலாம். ஆயின் மாணவரிடம் கட்டணம் அறவிடலாகாது. கிராமப் பாடசாலைகளுக்கு அத்தெரிவும் இல்லை. யாழ்ப்பாணத்திற் புனித பத்திரிசியார் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி முதலியன தனித்து நின்றன. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி அரசிடம் சென்றது. கட்டடமும் நிலமும் பழைய உடைமையாளரின் பெயரில் இருக்க, நிருவாகம் மட்டும் அரசிடம் இருந்த சிக்கலை 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் தீர்க்க முயன்றது. உடைமையையே முடிக்குரியதாக்க அது வழிவகுத்தது.

கத்தோலிக்க மக்கள் தம் பாடசாலைகளுட் புகுந்து அமர்ந்து, இரவும் பகலும் காவலிருந்தனர். தாய்மாரே முன்னின்றனர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து அரசோடும் திருச்சபையோடும் பேசியபின் அப்போராட்டம் தணிந்தது. பௌத்த, சைவ, முஸ்லிம் நிருவாகங்களிலிருந்து இதற்கு ஒப்பான எதிர்ப்பு எழவில்லை.

இந்த இடத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்குதல் பயன் தரும். கேரளத்தில் 1957இல் ஆட்சியேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் அரசில் கல்வி அமைச்சரான யோசேப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, உதவி பெறும் தனியார் பாடசாலைகளின் ஆசிரியர் நியமனத்தைக் கட்டுப்படுத்தவும், தேவையேற்படின் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவும் வழிசெய்தது. மசோதா இந்திய உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு விடப்பட்டுத் திருத்தப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னத்துப் பத்மநாபன் தலைமையிலான நாயர் சேவைச் சங்கமும் கைகோத்து நடத்திய கிளர்ச்சியின் முடிவில், 1959 யூலை 31ஆந் திகதி அவ்வரசு மத்திய அரசாற் கலைக்கப்பட்டது. கேரளத்தில் முதலில் திட்டமிட்டதை விடக் கடுமையான கையேற்பு அடுத்த ஆண்டே இலங்கையில் நிறைவேறியது எவ்வாறு? கேரளத்தில் இந்து முகாமையாளரும் கிறித்தவ முகாமையாளரும் ஒன்றாய் நின்றனர். இலங்கையிற் கத்தோலிக்கர் தனித்து விடப்பட்டனர். மேலும் கேரளத்துத் திருச்சபைக்கு டில்லியில் முறையிட இடமிருந்தது. இங்கு கொழும்புக்கு மேல் முறையிட ஓர் அரசு இருக்கவில்லை. இச்சட்டத்துக்கு ஏறத்தாழ ஓராண்டின் பின், 1962 சனவரியில், முறியடிக்கப்பட்ட இராணுவச் சதியில் ஈடுபட்ட அதிகாரிகளுட் பெரும்பாலோர் கிறித்தவராயிருந்தமையைச் சில வரலாற்றாசிரியர் பாடசாலைக் கையேற்போடு இணைத்துக் காண்பர்.

மன்னாரின் கத்தோலிக்கத் தமிழருக்கு அந்த மாதங்கள் இரட்டைச் சோதனையாயின. பாடசாலைப் போராட்டம் ஓய்ந்த சில கிழமைகளுள், 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணத்திற் கச்சேரிச் சத்தியாக்கிரகம் தொடங்கி மன்னார் உட்பட வடகிழக்கெங்கும் பரவியது. ஏப்ரிலில் அவசரகாலச் சட்டம் வந்து அதனை அடக்கியது. சமயத்துக்காக அரசை எதிர்த்தவரே மொழிக்காகவும் எதிர்க்க நேர்ந்தது. தம் பாடசாலைகளைக் கையேற்ற அரசு, தம் மொழியையும் மதியாத அரசு என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இனி, கையேற்பு முசலிக் கரைக்கு என்ன செய்தது என்பதை நோக்கலாம். இலங்கைப் பாடசாலைகளின் பெயர்ப்பலகைகள் தாமே வரலாற்று ஆவணங்கள். மாவட்டத்தைக் குறிக்கும் 'மன்/' என்னும் குறியை அடுத்து ஊர்ப்பெயரும், அதனை அடுத்துச் சில எழுத்துக்களும் வரும். றோ.க.த.க. என்பது றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை, அ.மு.க. என்பது அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலை, அ.த.க. என்பது அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. கையேற்பின் பின் இவை அனைத்தும் அரசினுடையன. இருந்தும் றோ.க. என்னும் எழுத்துக்கள் பல பலகைகளில் அழியாது நின்றன. அதிபர் அச்சமயத்தவராயிருப்பதும் பெரும்பாலும் வழக்காயிற்று. சட்டம் பேதங்களை நீக்கியது. வழக்கம் அவற்றைக் காத்தது. இதனைக் குறையாகவே கொள்ளவேண்டியதில்லை. மத நம்பிக்கையைப் பறிப்பர் என்னும் அச்சம் ஓரளவு தணிந்தது இவ்வழக்கத்தினாலேயே.

கொண்டச்சி போன்ற ஊருக்குக் கையேற்பு நேரடியாக எதனையும் தரவில்லை. கையேற்பதற்கு அங்கு மிசன் கட்டடமோ தோட்டமோ இல்லை. ஆயினும் மறைமுகமான பயன் ஒன்று உண்டு. அதுவரை திறைசேரியின் கல்விப் பணத்திற் பெரும்பகுதி முகாமையாளர் வழியே நல்ல பாடசாலைகளுக்குச் சென்றது. இப்போது அரிப்பின் ஆசிரியரும் கொண்டச்சியின் ஆசிரியரும் ஒரே சேவையினர். ஒரே கந்தோரின் கீழ் இடமாற்றம் பெறக்கூடியவர். கற்பித்தற் பத்திரம் பெற்ற ஒருவரைக் கொண்டச்சிக்கு அனுப்பும் அதிகாரம் முதன்முறையாக ஒருவரிடம் இருந்தது. பதியுதீன் மஹ்மூத் மீண்டும் கல்வி அமைச்சராயிருந்த 1970 முதல் 1977 வரையான காலத்தில் முஸ்லிம் ஆசிரியரும் மௌலவி ஆசிரியரும் கூடுதலாக நியமனம் பெற்றனர். நோன்புக் கால விடுமுறையோடு கூடிய முஸ்லிம் பாடசாலைகள் அரசுக் கல்வியுள் தனிப் பிரிவாக வலுப்பெற்றன. கிழக்கு மாகாணத்தைப் போல வடக்கின் ஒதுக்குப்புற முஸ்லிம் ஊர்களும் இவ்வசதிகளுக்கு உரியனவாயின.

இதே காலத்திலேயே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மொழிவழித் தரப்படுத்தல் யாழ்ப்பாண மாணவரை வெளிப்படையாகத் தாக்கியது; அதன் அநீதி பற்றி ஐயமில்லை. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு சற்று வேறு தன்மையது. யாழ்ப்பாண மாவட்டம் அதனாலும் இழந்தது. ஆயின் ஆய்வுகூடமில்லாத மன்னாரின் பிள்ளைக்கும் அது ஒரு கதவைத் திறந்தது. தமிழர் அரசியல் இவ்விரண்டையும் ஒரே அநீதியாகப் பேசியது. யாழ்ப்பாணத்தின் இழப்பு எல்லாத் தமிழ் பேசுவோரின் இழப்பாகவே எண்ணப்பட்டது என்பதை மன்னாரிலிருந்து நோக்குவோர் கவனியாதிரார்.

அதிகாரம் ஒருவரிடம் குவிந்ததன் மறுபக்கமும் உண்டு. கொண்டச்சிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடிய கந்தோர், அவரைத் திரும்ப அழைக்கவும் கூடும். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என அரசே வகுத்த பட்டியலிற் சேர்ந்த பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற இளைஞர், வந்த நாள் தொடக்கம் இடமாற்ற விண்ணப்பம் எழுதுவதும், மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ வீடு வைத்துக்கொண்டு திங்கட்கிழமை நண்பகலில் வந்து வெள்ளிக்கிழமை காலையிற் புறப்படுவதும் ஈழத்துக் கிராமங்கள் பலவும் அறிந்தவை. பேருந்தின் நேரமே பாடசாலையின் நேரமாகும். ஆசிரியரை மட்டும் பழித்துப் பயனில்லை. குடிநீருக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லாத இடத்தில் சேவை செய்யென்பது எளிது. பழைய முகாமையாளர் கொடியவராயினும் நல்லவராயினும் கண்முன் நின்றார். அவரிடம் சண்டையிடலாம், ஆயருக்கு முறையிடலாம். யாழ்ப்பாண மறைமாவட்டத்துள் மன்னார் அடங்கியிருந்த அக்காலத்தில் ஆயர் எமிலியானுஸ்பிள்ளைக்கு எழுதப்பட்ட கடிதத்துக்கு ஒரு முகவரியேனும் இருந்தது. கையேற்பின் பின் முகாமையாளரின் இடத்தில் ஒரு கோப்பு அமர்ந்தது. சட்டத்தை இயற்றியோர் நியமனத்தையும் உடைமையையும் பற்றி நுணுக்கமாகச் சிந்தித்தனர். ஊருக்கும் பாடசாலைக்கும் இடையே இனி எது பாலமாவது என்பதைச் சிந்திக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் பல ஆண்டுகள் கழித்தே தோன்றின. தோன்றியபின்னும் அவற்றின் பெருவேலை நிதி திரட்டுவதாகவே அமைந்தது.

அரசின் பாடசாலை நலிந்தால் அதனை யார் கையேற்பது என்னும் வினா இதிலிருந்து எழுகின்றது. அமெரிக்காவில் 1989இல் நியூ ஜேர்சி மாநில அரசு, நலிவுற்றிருந்த ஜேர்சி நகரப் பாடசாலைகளின் நிருவாகத்தை உள்ளூர்ச் சபையிடமிருந்து தானே எடுத்துக்கொண்டது. அங்கு ஊரிடமிருந்து மேலிடம் பறித்தது. இலங்கையில் 1987இன் மாகாண சபைச் சட்டத்தின் வழி, தேசியப் பாடசாலைகள் எனத் தெரிந்தெடுக்கப்பட்டவற்றை மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை மாகாணத்திடம் விட்டது. பெரியவை மேலிடத்துக்கும் சிறியவை கீழிடத்துக்கும் எனப் பிரிந்தன. முசலியின் பாடசாலைகள் எவ்வகையுட் சேர்ந்தன என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மாகாண சபை முறை கால்கொள்ளுமுன் எல்லாவற்றையும் புரட்டிய நிகழ்ச்சி 1990 ஒக்டோபரில் நேர்ந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். 70000க்கு மேற்பட்டோர் சில நாட்களுள் தம் ஊர்களை இழந்தனர். மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் சென்றோர் பெரும்பாலும் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளை அடைந்தனர். கொண்டச்சியும் வெறுமையாயிற்று. தமிழரின் பெயரால் தமிழ் பேசும் ஒரு சமூகத்துக்கு இழைக்கப்பட்ட இவ்வநீதியை, கல்வி வரலாறு எழுதுவோர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடல் ஆகாது. ஒரு நூற்றாண்டாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்த ஆசிரியர், தளபாடம், இடாப்பு, பரீட்சைப் பெறுபேறு அனைத்தும் ஒரு கிழமையுள் கலைந்தன. புத்தளத்தின் பாடசாலைகளிற் பின்னேர வகுப்புகளிலும், ஓலைக் கொட்டில்களிலும் அப்பிள்ளைகள் படித்தனர். சலாபக் காலத்திற் கொண்டச்சிக் கரையில் எழுந்த கொட்டில்கள் சில கிழமைகளிற் பிரிக்கப்பட்டவை. இக்கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

இங்கு ஒரு நுண்ணிய செய்தி உண்டு. மிசன் பாடசாலையின் உடைமை நிலத்தோடும் கோவிலோடும் கட்டுண்டது. அரசின் பாடசாலையோ ஒரு பெயர், ஓர் இலக்கம், சில ஆசிரியர் பதவிகள் என்னும் இவற்றால் ஆனது. அதனால் நிலத்தை விட்டும் கடதாசியில் வாழக்கூடியது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஆசிரியரின் ஊதியம் நிற்கவில்லை. பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. 1960இன் சட்டத்தை இயற்றியோர் கனவிலும் எண்ணாத பயன் இது. முகமற்ற கந்தோர் என மேலே குறைகூறப்பட்ட அதே அமைப்பு, ஊரே இல்லாதபோது ஊரின் பாடசாலையை ஏட்டிலேனும் காத்தது. ஊர் இருந்தபோது அது காட்டிய அக்கறை இதற்கு நிகராயிருந்ததில்லை.

சிலாபத்துறையை 2007 செப்டெம்பரில் அரசபடையினர் கைப்பற்றினர்; அச்சண்டைகளின்போது அரிப்பு, முள்ளிக்குளம் முதலிய கத்தோலிக்க ஊர்களின் மக்களும் இடம்பெயர நேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் முஸ்லிம் மக்கள் திரும்பத் தொடங்கினர். காடு மூடிய காணிகளைத் துப்புரவாக்கியபோது வில்பத்துக் காட்டை அழிப்பதாகத் தெற்கிலே குற்றச்சாட்டு எழுந்தது. எல்லோரும் திரும்பவில்லை. புத்தளத்திற் பிறந்து வளர்ந்தோருக்கு அங்கேயே பாடசாலையும் தொழிலும் அமைந்துவிட்டன. பல குடும்பங்கள் இரண்டு இடத்தும் கால்வைத்து வாழ்ந்தன. பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்குமாயின் வருவோம் என்று பெற்றோர் காத்திருக்க, பிள்ளைகளின் தொகை சேருமாயின் ஆசிரியர் தருவோம் என்று கந்தோர் காத்திருந்தது. வித்தியாதரிசி வரும் நாளிற் போதிய பிள்ளைகளைக் காட்டவேண்டும் என்ற பழைய நன்கொடைக் கால விதியே, வேறு உருவில், 140 ஆண்டுகளின் பின்னும் இக்கரையிற் செயற்பட்டது.